லிஃப்ட் சார் சீட் மாற்றிய வாரம்

கவலைப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் சிலர் உண்டு. எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார். லிஃப்ட் பரிசோதகர். அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் போய், இரும்பு வடத்தைத் தடவிப் பார்த்து, பிரேக்கை முறைத்துப் பார்த்து, 'இந்த லிஃப்ட் இன்னும் ஓராண்டுக்கு விழாது' என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. போட்ட பிறகு படியிறங்கித்தான் கீழே வருவார், ஒன்பதாவது மாடியாக இருந்தாலும். கேட்டால், "நடக்கிறது உடம்புக்கு நல்லது" என்பார். கட்டடத்துக் காவலாளிகள் அன்று முழுக்க லிஃப்ட் பக்கமே போகமாட்டார்கள்.

தெருவுக்கு அவர் லிஃப்ட் சார். எந்தப் பேச்சையும் 'ஒருவேளை' என்றுதான் தொடங்குவார். ஒருவேளை மழை வந்தால். ஒருவேளை காஸை மூடாமல் வந்திருந்தால். ஒருவேளை இந்த இருமல் வெறும் இருமலாக இல்லாவிட்டால். காலையில் பல் துலக்கும்போதே அன்றைய ஒருவேளைகளை வரிசையாக நிறுத்தி ஆஜர் எடுத்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது.

இருபத்தாறு வயது வண்டி. இரண்டே சீட். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும்; ஏறுவதென்றால் இறங்க வேண்டும், இறங்குவதென்றால் ஏற வேண்டும். சிவப்பாக இருந்து இப்போது செங்கல் நிறத்துக்கு வந்திருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் ஒரு பல் டாக்டரிடமிருந்து வாங்கினார். ஏன் வாங்கினார் என்பதற்கு மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்: விலை படிந்தது, டாக்டர் வற்புறுத்தினார், நிறம் பிடித்தது. மூன்றும் பொய். ஒரு மத்தியானம் அவருக்குப் பயப்பட மறந்துபோய்விட்டது, அவ்வளவுதான். அந்த மறதியை ஈடுகட்ட அன்றிலிருந்து கூடுதலாகப் பயந்துகொண்டிருக்கிறார். ஐம்பதைத் தாண்டி ஓட்டியதில்லை. பள்ளிக்கூட வேன்கள் அவரை முந்திக்கொண்டு போகும். பின் ஜன்னலிலிருந்து பிள்ளைகள் டாட்டா காட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மனைவியும் அதில் ஏரிக்கரை வரை போய்த் திரும்புவார்கள். மற்ற ஆறு நாளும் அவர்களுக்குள் பேச்சு என்பது 'தண்ணி வந்துச்சா', 'கதவைச் சாத்தியாச்சா' அளவில்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் நீளும். எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, மனைவி செருப்பைப் போட்டுவிட்டு மறுபடி கழற்றினார்.

"முதுகு வலிக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க."

லிஃப்ட் சார் தனியாகப் போனார். பாதி வழியில் திரும்பிவிட்டார். அதோடு ஏரிக்கரை நின்றது.

இந்த நிலையில்தான் மனைவியின் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் வந்தது. அக்கா தனியாக இருப்பவர், பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரம். திங்கட்கிழமை ஆபரேஷன், சனிக்கிழமை மனைவி கிளம்ப வேண்டும், அங்கே இரண்டு மாதம்.

"நான் கார்ல கொண்டு விடறேன்" என்றார் லிஃப்ட் சார்.

"அந்தக் கார்லயா? மூணு மணி நேரமா? பஸ்ஸே தேவலை."

சொல்லிவிட்டு அவர் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார். லிஃப்ட் சார் நின்ற இடத்திலேயே நின்றார். பஸ் சீட் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதைவிடவுமா இது மோசம்? உடனே, கூப்பிடாமலே ஒரு புது ஒருவேளை வந்து முன்னால் நின்றது. அக்காவும் அவளும் சேர்ந்துவிட்டால் எப்போதும் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். இரண்டு மாதம். ஒருவேளை அங்கேயே அவளுக்குப் பிடித்துப்போய்விட்டால்?

பரிசோதகர் மூளை ஒன்று உண்டு. எது கெட்டாலும் அதற்கு ஒரு பாகம்தான் காரணம் என்று அது நம்பும். பாகத்தைக் கண்டுபிடி, மாற்று, கையெழுத்துப் போடு. இங்கே பாகம் என்னவென்று அவருக்குச் சந்தேகமே இல்லை. சீட்! இரண்டும் அமுங்கிக் குழியாகிவிட்டன. சனிக்கிழமைக்குள் புது சீட் போட்டுவிட்டால், அவளைத் தானே கொண்டுபோய் விட்டு, தானே போய்க் கூட்டிக்கொண்டும் வரலாம். வீட்டில் மூச்சுவிடாமல் புதன்கிழமை காலையிலேயே வண்டியைக் கிளப்பினார்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மூன்று தையல் மிஷின், அதில் ஒன்று ஓடும். ரெக்சின் சுருள்கள், பஞ்சு மெத்தைத் துண்டுகள், உரித்துப்போட்ட சீட்டுகள். அதை நடத்துபவர் ஒரு நாற்பது வயதுப் பெண், கழுத்தில் டேப்பு, காதில் சாக்குக்கட்டி. வண்டிக்காரர்கள் அவரைக் குஷன் அக்கா என்பார்கள். அவர் சீட்டில் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் வேலை செய்யத் தோன்றாதாம்.

"கவர் மட்டுமா சார், மொத்தமா மாத்தணுமா?"

"மொத்தமா. முதுகுக்கு நல்லதா. ஒருவேளை..."

"வண்டிக்கு எத்தனை வயசு?"

"இருபத்தாறு."

"ஓட்டுறவருக்கு?"

"அம்பத்தஞ்சு."

"ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான். உள்ள பஞ்சு போயிருக்கும்."

மூலையில் பாலிதீன் போட்டு மூடிய இரண்டு சீட்டைத் திறந்து காட்டினார். இரண்டு பக்கமும் அணைப்பு உயர்ந்த, கறுப்பு சீட்டுகள். கொஞ்சம் புதிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றியவை.

"ஏன் கழட்டினாங்க?"

"பின்னால லாரி இடிச்சு வண்டி உடைப்புக்குப் போயிடுச்சு."

"ஐயோ. உள்ள இருந்தவங்க?"

"எழுந்து வந்து லாரிக்காரனோட சண்டை போட்டாங்க. சீட் நல்ல சீட்டுன்னு இதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட் சார் வேணும்?"

பழைய சீட்டுகள் கழன்றன. வண்டியின் தரையில் சீட்டுக்கு நான்கு ஓட்டை. புது சீட்டின் காலில் மூன்று பொருந்தியது. நான்காவது ஒரு விரல் தள்ளி நின்றது. குஷன் அக்கா அசரவில்லை. ஒரு இரும்புத் தகட்டை வெட்டி, ஓட்டை போட்டு, நடுவில் வைத்து முடுக்குவதாகச் சொன்னார்.

"ஒருவேளை அந்தத் தகடு விட்டுப்போச்சுன்னா?"

"விடாது."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"எழுதித் தருவீங்களா?"

"நான் சீட் போடறவ சார். இன்சூரன்ஸ் ஆபீஸ் இல்ல."

அன்று முழுக்க அந்தத் தகடு அவர் நெஞ்சில் முடுக்கப்பட்டிருந்தது. அலுவலகத்தில் ஒரு லிஃப்ட்டுக்குக் கையெழுத்துப் போடும்போது தகடு. சாப்பிடும்போது தகடு. மனைவி "கார் எங்கே?" என்று கேட்டபோது "சர்வீஸுக்கு" என்றார். ஃப்ரிட்ஜின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் மனைவியின் கையெழுத்தில் சனிக்கிழமை பஸ் நேரங்கள், மூன்று. நடுவில் உள்ளதற்கு அடியில் கோடு போட்டிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அலுவலக வேனோடு கொட்டகைக்குப் போனார். இரண்டு சீட்டும் பொருத்தியாகிவிட்டது. குஷன் அக்கா சாப்பிடப் போயிருந்தார். கொட்டகையில் யாருமில்லை. வேனில் லிஃப்ட் சோதிக்கும் இரும்பு எடைகள் இருந்தன, ஒவ்வொன்றும் இருபது கிலோ.

இங்கேதான், வேறு தொழில்காரர் யாரும் செய்யாத காரியத்தை லிஃப்ட் சார் செய்தார். லிஃப்ட்டுக்கு ஒரு விதி உண்டு: எவ்வளவு பாரத்துக்கு அனுமதியோ, அதைப்போல் ஒன்றேகால் மடங்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். மனைவி அறுபத்திரண்டு கிலோ. ஒன்றேகால் மடங்கு என்றால் எழுபத்தேழரை. எழுபத்தேழரைக்கு எடை இல்லை, ஆகவே எண்பது. கைப்பை வைத்திருப்பாள், நூறு. குழியில் வண்டி இறங்கினால் பாரம் கூடும், நூற்று இருபது. அவருக்கே இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அதிகமாகப் பட்டதால் ஒருவேளை கணக்குத் தப்போ என்ற பயத்தில் இன்னொன்றையும் தூக்கி வைத்தார். நூற்று நாற்பது.

'டங்' என்றது.

எடைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். சீட் மேலே வரவில்லை. உள்ளே கம்பி வலையின் கொக்கிகள் ஒரு பக்கமாகக் கழன்றிருந்தன. இரும்பு மூலை கவரைக் கிழித்து, பஞ்சைத் துருவியிருந்தது. லிஃப்ட் சார் அதைத் தட்டிக் கொடுத்தார், மயக்கம் போட்டவர் கன்னத்தைத் தட்டுவதுபோல. வேப்பங்குச்சியால் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்த குஷன் அக்கா, குச்சியைக் கீழே போட்டார்.

"என்ன சார் இது?"

"டெஸ்ட்."

"என்ன டெஸ்ட்?"

"பாரம். ஒண்ணேகால் மடங்கு."

"உங்க வீட்டம்மா எத்தனை கிலோ?"

"அறுபத்திரண்டு."

"இங்க எத்தனை வச்சீங்க?"

லிஃப்ட் சார் இறக்கிய எடைகளை மறைத்து நின்றார்.

"எத்தனை சார்?"

"நூத்து நாப்பது."

"அவங்க மடியில யாரை உக்கார வைக்கப் போறீங்க? உங்களையா?"

லிஃப்ட் சார் தலையைக் குனிந்தபடியே கேட்டார். "தகடு?"

"தகடுக்கு ஒண்ணும் ஆகல. ஆள் உக்கார்ற இடம்தான் போச்சு. இரும்புக்கு மூலை இருக்கு சார், மனுஷனுக்கு இருக்கா?" சீட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "கொக்கியை மாட்டிடலாம். கவரைத் தைச்சிடலாம். இந்தக் கனத்துல பஞ்சு எங்கிட்ட இல்ல. கொண்டு வர்றவன் திங்கட்கிழமைதான் வருவான்."

திங்கட்கிழமை. அதற்குள் மனைவி கோடு போட்ட பஸ்ஸில் போய்விட்டிருப்பாள். லிஃப்ட் சாருக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. கொட்டகையில் உட்காரத் தகுதியாக ஒரு சீட்டும் இல்லை.

வீட்டில் மனைவி சூட்கேஸில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட் சார் எண்ணினார். பதினாறு. இரண்டு மாதத்துக்குப் பதினாறு அதிகமா, சரியா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை காலை குஷன் அக்காவே போன் செய்தார். "வாங்க சார். உங்க பழைய சீட்டு இன்னும் மூலையிலதான் கிடக்கு. அதுல ஏதாவது தேறுதா பார்ப்போம்."

மனைவியின் பழைய சீட்டைக் கத்தியால் பிரித்தார். உள்ளே பஞ்சு மாவாகக் கொட்டியது. லிஃப்ட் சாருடைய சீட்டைப் பிரித்தார். உட்காரும் பகுதியில் முன் விளிம்பு மட்டும் ஒரு சாண் அளவுக்கு நசுங்கியிருந்தது. பிறகு முதுகுப் பக்கத்தைப் பிரித்து, கட்டைவிரலால் அழுத்தினார். விரல் எடுத்ததும் பஞ்சு மேலே வந்தது. இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கும் வந்தது.

"இதை எப்ப சார் மாத்துனீங்க?"

"மாத்தினதே இல்லையே. டாக்டர் விக்கும்போது புதுசா வச்சுக் கொடுத்தார். இருபது வருஷம் ஆச்சு."

"அப்போ இருபது வருஷமா இதுல யாரும் சாயல."

"நான்தானே ஓட்டறேன்?"

"நீங்க ஓட்டறீங்க. சாயல. நுனியில உக்காந்து ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சிருக்கீங்க." பஞ்சைத் துண்டாக உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தங்கமா இருக்கு. உங்க வீட்டம்மாவுக்கு இதையே வச்சிடறேன்."

வைப்பதற்காக வண்டிக்குள் குனிந்தவர், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தலையை வெளியே நீட்டாமலே கூப்பிட்டார்.

"சார், இங்க வாங்க."

மனைவி கால் வைக்கும் இடத்தில் நைந்துபோன மிதியடியைத் தூக்கிக் காட்டினார். கீழே கம்பளத்தில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்குள் தரைத் தகடு தேய்ந்து பளபளத்தது.

"இந்தப் பக்கம் பிரேக் இருக்கா சார்?"

"இல்லையே."

"இல்லதான். ஆனா இருபது வருஷமா மிதிச்சிருக்காங்க."

லிஃப்ட் சார் அந்தப் பளபளப்பையே பார்த்தார். எத்தனையோ லிஃப்ட்டில் தேய்மானத்தைப் பார்த்து, இது எதனால் தேய்ந்தது என்று ஒரே பார்வையில் எழுதியவர். "ஒருவேளை..." என்று தொடங்கினார். முடிக்காமல் மிதியடியை மெல்லப் போட்டு மூடினார்.

சாயங்காலத்துக்குள் சீட் தயாரானது. கிளம்பும்போது குஷன் அக்கா ஜன்னலில் தட்டிச் சொன்னார்: "சாஞ்சு உக்காருங்க சார். சீட்டு கடிக்காது."

சனிக்கிழமை காலை மனைவி சூட்கேஸோடு வாசலுக்கு வந்தார். கையில் பஸ் நேரத் தாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"சீட்."

"அது தெரியுது. எப்ப?"

"இந்த வாரம்தான். முதுகுக்கு நல்லதாம். நீ உக்காந்து பாரேன். வேணாம்னா பஸ் இருக்கு, அது பத்து மணிக்குத்தானே."

மனைவி உட்கார்ந்தார். இந்தப் பக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார்.

"பரவால்ல."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் எந்தப் பொருளுக்கும் அவர் இதைவிட மேலான சொல் சொன்னதில்லை. ஆனால் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "பாதி வழியில வலிச்சா பெரிய பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுடுங்க. நான் பஸ்ல போயிக்கறேன்."

லிஃப்ட் சார் சாய்ந்து உட்கார்ந்தார். உடனே உலகம் மாறிவிட்டது. ஸ்டியரிங் தூரத்துக்குப் போனது. வண்டியின் மூக்கைக் காணவில்லை. வானம் தேவைக்கு மேல் தெரிந்தது. முதுகைச் சீட்டோடு பிடித்துவைத்துக்கொண்டு ஓட்டினார். முதல் நாற்சந்தியில் ஒரு சைக்கிள் வலது பக்கம் பார்த்தது, பார்த்தது மட்டும்தான். அவர் பிரேக்கை மிதித்தார். பக்கத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம்.

இருவரும் ஒரே நேரத்தில் மனைவியின் காலைப் பார்த்தார்கள்.

"நீ மிதிச்சே" என்றார்.

"எதை?"

"பிரேக்கை."

"எம்பக்கம் எங்க இருக்கு பிரேக்?"

"அதான். கம்பளம் ஓட்டையாயிருக்கு. நேத்துதான் பார்த்தேன்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டி நகர்ந்தது. ஒரு தெரு தாண்டியதும் மனைவி ஆரம்பித்தார்.

"அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு நாய் தலையைத் தூக்கினா உங்க காது சிவக்கும். அதைப் பார்த்ததும் என் கால் தானா போயிடும். நீங்க மிதிக்கிறதுக்கு முன்னாடி நான் மிதிச்சிருப்பேன். இடுப்புலேர்ந்து கழுத்து வரைக்கும் விறைச்சுக்கும். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துட்டு எலும்பு நல்லாத்தானே இருக்குன்னார். நான் என்னத்தைச் சொல்ல?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? நான் பயப்படறேன்னு நீங்க இன்னும் பயப்படுவீங்க. வீட்டுக்கு ஒருத்தர் பயந்தா போதும்னு விட்டுட்டேன்."

லிஃப்ட் சாருக்கு வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நடக்கலாம்போல இருந்தது. மனைவி விடவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அப்பா பேக்கரி வேனை நான்தான் ஓட்டினேன். மேல மேல தட்டு. கேக்குல கிரீம் கலையாம கொண்டு போய்ச் சேர்ப்பேன். எதுக்காவது இப்படி மிதிச்சிருந்தா எங்கப்பா என்னையே மாவுல போட்டுப் பிசைஞ்சிருப்பார்."

"அப்ப, சீட்டு?"

"சீட்டு நல்லாத்தான் இருக்கு. சும்மா சொல்லக் கூடாது."

எல்லாம் வெளியே வந்துகொண்டிருந்த நேரம் என்பதால், லிஃப்ட் சார் எடை வைத்த கதையையும் சொல்லிவிட்டார். நூற்று நாற்பது என்ற இடத்தில் மனைவி கைப்பையை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்க!" என்றார் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நூத்து நாப்பது! அக்காகிட்ட சொல்லணும்."

பெரிய பஸ் ஸ்டாண்ட் வந்தது. பத்து மணி பஸ் அவர்களை எப்போதோ முந்தி வந்து அங்கே நின்றிருந்தது. நடத்துனர் ஊர் பேர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். லிஃப்ட் சார் வேகத்தைக் குறைத்தார். நடைபாதையை ஒட்டி வண்டியை மெல்ல உருட்டினார்.

"ஏன் நிறுத்தறீங்க?"

"இல்ல, பஸ்ஸு..."

"போங்க."

மூன்று மணி நேர வழியை நாலே கால் மணி நேரத்தில் கடந்தார்கள். அதில் கடைசி ஒரு மணி நேரம் 'தொப்' சத்தம் இரண்டே முறைதான் கேட்டது. அவர் எண்ணிக்கொண்டுதான் வந்தார்.

அக்கா வாசலிலேயே தடியோடு நின்றிருந்தார். "வாங்க தம்பி! பஸ்ல வந்திருந்தா இவ இந்நேரம் சமையலே முடிச்சிருப்பா."

"ரோட்டுல கூட்டம் அண்ணி."

"ஆமா, எல்லாரும் உங்களை முந்திப் போற கூட்டமாத்தான் இருக்கும்."

சூட்கேஸை இறக்கும் சாக்கில் லிஃப்ட் சார் மனைவி பக்கம் போனார். குரலைத் தாழ்த்தினார். "எப்ப வந்து கூட்டிட்டுப் போகட்டும்?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் அக்கா தடியால் வண்டியின் கதவைத் தட்டினார். "திங்கட்கிழமை முட்டியை அறுத்துட்டாங்கன்னா இதுல எல்லாம் ஏற முடியாது. இப்பவே ஒரு ரவுண்டு போயிடறேன்டி."

லிஃப்ட் சார் மனைவி சீட் பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். அக்கா "அம்மா, அப்பா" என்று இறங்கி உட்கார்ந்ததும், ஓட்டுகிற பக்கம் சுற்றி வந்தார். அங்கே மனைவி கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"சாவி."

"நீயா? லைசென்ஸ்..."

"நீங்கதானே அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தவறாம புதுப்பிச்சு வைக்கறீங்க. ஒருவேளை காலாவதியாயிட்டா என்ன பண்றதுன்னு."

சாவியைக் கொடுத்தார். மனைவி சீட்டுக்கு அடியில் கைவிட்டு, கொக்கியைத் தூக்கி, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைத் திருத்தினார். அதெல்லாம் நேற்றுவரை செய்துகொண்டிருந்த மாதிரி இருந்தது.

"அந்தத் தகடு..." என்றார் லிஃப்ட் சார், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. "நாலாவது ஓட்டையில ஒரு தகடு..."

"கையை எடுங்க. விரல் மாட்டிக்கும்."

எடுத்தார். வண்டி கிளம்பியது. அது அப்படி ஒரு சத்தம் போடும் என்று இருபது வருடத்தில் அவருக்குத் தெரியாது. பத்தடி போனதும் மனைவி தலையை நீட்டிக் கத்தினார்:

"ரெண்டு மாசம் கழிச்செல்லாம் வேணாம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. வண்டி எனக்கு வேணும்!"

செங்கல் நிறம் முனையில் திரும்பி மறைந்தது.

லிஃப்ட் சார் சூட்கேஸோடு நடைபாதையில் நின்றார். வரச்சொன்னாள். அது நல்லது. ஆனால் 'வண்டி எனக்கு வேணும்' என்றால் வண்டி மட்டுமா, வண்டியோடு சேர்த்து ஓட்டி வருகிறவருமா? அடுத்த தெருவில் ஹாரன் கேட்டது. அது இவர்கள்தானா? அந்தத் தெருவில் பள்ளிக்கூடம் உண்டா? சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டா? பத்து நிமிடம் போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம்தான் போயிருந்தது.

தெருவின் மறுகோடியில் வண்டி தெரிந்தது. ஜன்னல் வழியே அக்காவின் தடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லிஃப்ட் சார் ஓரமாக ஒதுங்கி, சூட்கேஸையும் ஒதுக்கினார். வண்டி நிற்கவில்லை. உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தத்தோடு அவரைத் தாண்டி இரண்டாவது ரவுண்டுக்குப் போனது.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று அதன் பின்னால் கத்தினார்.

"காலையிலேயே!" என்று பதில் வந்தது. சொன்னது மனைவியா அக்காவா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.